சித்தப்பா பார்ப்பார் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. மதுரைப் பக்கம் குலதெய்வக் கோயிலில், மொட்டை போட்டு, தலையில் சந்தனம் தடவி, மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்திய அந்த நொடியில் பிள்ளை வாயை முழுசாகத் திறந்து அழுத போட்டோ ஒன்று அருமையாக அமைந்துவிட்டது. மாமன் நான்தான், அதனால் என் போனில் அதை எடுத்தது என் தம்பி. ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பியதும் ஃபேஸ்புக்கில் போட்டேன்.

யார் யார் பார்ப்பார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் அக்கா. சிங்கப்பூரில் சித்தப்பா, அங்கே மணி பன்னிரண்டரை, ஆனால் அவர் அந்த நேரத்தில் தூங்குகிற ஆள் இல்லை. டொரொண்டோவில் பெரியம்மா மகள், அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், போன் கையில்தான் இருக்கும். தோஹாவில் இருக்கிற மச்சான் வேலை முடிந்து ரூமுக்கு வந்திருப்பார். என் ஆபீஸ் நண்பர்களில் பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இத்தனைக்கும் நான் எந்தக் கணக்கும் போடவில்லை, யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த ஊரில், யார் எப்போது சும்மா இருப்பார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இதையே இணையத்தில் படங்களையும் வீடியோக்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்ப்யூட்டர்களிடம், அதாவது சர்வர்களிடம், கேட்டால், பழைய பாணியில் ஓடுகிறவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஃபைலை இதுவரை எத்தனை பேர் கேட்டார்கள், கடைசியாக எப்போது கேட்டார்கள், அவ்வளவுதான் அவற்றின் அறிவு. புதுப் போட்டோவை இன்னும் யாருமே கேட்கவில்லை, ஆகவே மதிப்பு பூஜ்யம். அந்தக் கம்ப்யூட்டருக்கு உறவு முறையும் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? கடந்த பதினைந்து இருபது வருடங்களில் இதற்காக நிறைய மூளை செலவாகியிருக்கிறது. அதில் முக்கியமானதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி போகிற வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். கேட்க அதிவேகம்தான். ஆனால் இங்கிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், போய்த் திரும்ப 28,000. கடலுக்கடியில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதை மறந்துவிட்டாலும், ஒரு தடவை 'இருக்கியா?' என்று கேட்டு 'இருக்கேன்' என்று பதில் வாங்கவே 0.14 நொடி போய்விடும். ஒரு படத்தைத் திறக்க அப்படிப் பல தடவை போய்வர வேண்டும். முதலில் கை குலுக்கணும், அப்புறம் பூட்டுச்சாவி பேசி முடிக்கணும், அதற்கு அப்புறம்தான் படம் வரும். அரை நொடி ஒரு நொடி என்று இழுத்தால் விரல் அடுத்த படத்துக்குப் போய்விடும்.

இதற்கு வைத்தியம் பழசு: ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிரதியை வைத்துவிடுவது. அந்தப் பிரதி வைக்கிற இடத்தைக் கேஷ் (cache) என்பார்கள், உலகம் முழுக்க அப்படிக் கேஷ்களைப் பரப்பி வைத்திருக்கிற வலைக்குச் சி.டி.என். என்று பெயர். 1998இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் ஆரம்பித்த அகமாய் என்ற கம்பெனி இந்தத் தொழிலை உலகத்துக்குக் காட்டியது. இன்றைக்கு கூகுள், நெட்ஃபிளிக்ஸ், ஃபேஸ்புக் எல்லாம் நம் நெட் கம்பெனிகளின் கட்டடங்களுக்குள்ளேயே தங்கள் பெட்டிகளை வைக்கச் சொல்லிக் கொடுக்கின்றன. நீங்கள் பார்க்கிற படம் அநேகமாகக் கடல் தாண்டி வருவதில்லை.

ஆனால் கேஷ் என்பது தெருமுனைப் பலசரக்குக் கடை மாதிரி, குடோன் கிடையாது. இடம் கொஞ்சம்தான், எல்லாச் சரக்கையும் அடுக்க முடியாது. ஒன்றை உள்ளே வைக்க இன்னொன்றைத் தூக்கி எறிய வேண்டும். எதை எறிவது? ரொம்ப நாளாக யாரும் கேட்காததை. பெரும்பாலான கேஷ்கள் இந்த ஒரு விதியையோ இதன் சின்னச் சின்ன மாற்றங்களையோ வைத்துத்தான் ஓடுகின்றன, ஓரளவுக்கு நன்றாகவே ஓடுகின்றன. இந்த வாரம் வந்த பாட்டு, கிரிக்கெட் ஹைலைட்ஸ், ஒரு மந்திரி உளறிய வீடியோ இதையெல்லாம் ஊரே கேட்கும். முதல் ஆள் கேட்டதும் பிரதி வந்துவிடும், அடுத்த லட்சம் பேருக்கு அதுவே போதும்.

சிக்கல் என் காதுகுத்துப் போட்டோவில். அதை மொத்தமாக நாற்பது பேர் பார்ப்பார்கள், அந்த நாற்பது பேரும் நாலு நாட்டில் இருக்கிறார்கள். டொரொண்டோவில் பெரியம்மா மகள் ஒருத்திதான். அவள்தான் அங்கே முதலில் கேட்கிறவள், அவளே கடைசியும். அவள் கேட்ட பிறகு அங்கே பிரதி எடுத்து வைத்தால் அது யாருக்கு? கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு வாழையிலைக் கட்டை இறக்கிய கதைதான்.

இப்படிப்பட்ட போட்டோக்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2010லேயே ஃபேஸ்புக் தன்னிடம் 26,000 கோடி படக் கோப்புகள் இருப்பதாகவும், வாரம் 100 கோடி புதுப் போட்டோ வருவதாகவும் சொன்னது (ஒவ்வொரு போட்டோவையும் நாலு அளவில் சேமித்ததால் கோப்பு எண்ணிக்கை அவ்வளவு). 2013இல் தங்கள் போட்டோ போக்குவரத்தை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. கேட்கப்பட்ட போட்டோக்களில் 65.5 சதவீதம் பார்ப்பவரின் பிரௌசருக்குள்ளேயே ஏற்கெனவே இருந்தது. 20 சதவீதம் பக்கத்து ஊர்க் கேஷில் கிடைத்தது. 4.6 சதவீதம் டேட்டா சென்டர் (சர்வர்களை மொத்தமாக அடுக்கி வைத்திருக்கிற கட்டடம்) வாசலில் இருக்கிற பெரிய கேஷில். மீதி 9.9 சதவீதத்துக்கு மட்டும் உள்ளே போய் டிஸ்கைத் தோண்ட வேண்டியிருந்தது. பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் மூன்று கடையில் கேட்டும் கிடைக்காமல் குடோன் வரைக்கும் போகிற அந்தப் பத்தில் ஒன்றுதான் மெதுவாக வருவது, செலவு வைப்பது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற கேஷ் பெரும்பாலும் தோற்பது இந்த வால் பகுதியில்தான், ஏனென்றால் ஒவ்வொரு போட்டோவும் தனித்தனியாக யாருக்கும் வேண்டாதது, சேர்த்துப் பார்த்தால் எல்லாருக்கும் வேண்டியது.

இங்கேதான் உறவு உதவிக்கு வருகிறது. பலசரக்குக் கடை அண்ணாச்சி எப்படிச் சரக்கு எடுப்பார்? போன வாரம் எவ்வளவு வெல்லம் விற்றது என்று மட்டும் பார்க்க மாட்டார். 'மூணாவது வீட்டில் பொண்ணுக்கு வளைகாப்பு, அவங்க மாமியார் வீட்டு ஆளுக இருபது பேர் வர்றாங்க' என்பது அவர் காதில் விழுந்திருக்கும். இதுவரை விற்காத சரக்கை நாளைக்காக வாங்கி வைப்பார். ஃபேஸ்புக் மாதிரியான இடத்தில் யாருக்கு யார் நண்பர் என்ற அந்த ஊர்க்கதை முழுசாக எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. 2011இல் அதை மொத்தமாக எடுத்துப் பார்த்தார்கள்: 72.1 கோடிப் பேர், ஏறக்குறைய 6,900 கோடி நட்பு இணைப்புகள். அதில் 84.2 சதவீதம் ஒரே நாட்டுக்குள். நடுவில் இருக்கிற சராசரி ஆளுக்கு நண்பர்கள் 99 பேர். அதாவது ஒருவர் போடுவதை யார் பார்க்கலாம் என்பது கோடிகளில் ஒரு தேடல் இல்லை, நூறு பேருக்குள் முடிகிற விஷயம். அந்த நூறு பேரும் உலகமெங்கும் சிதறிக் கிடப்பதில்லை, இரண்டு மூன்று ஊரில் குவிந்திருப்பார்கள்.

இதைக் கேஷ் வைப்பவர்கள் பயன்படுத்தலாமே என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் 2009இல் யோசித்தார்கள். யோசனை எளிமையானது. ஒரு வீடியோ பரவ ஆரம்பிக்கிறது. இதுவரை எந்த ஊரிலிருந்து கேட்டார்கள் என்று பார்க்காதே, இதுவரை பகிர்ந்தவர்களுடைய நண்பர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பார், அங்கே பிரதியை வை. முதலாவது கண்ணாடியில் பின்னால் பார்த்து வண்டி ஓட்டுவது, இரண்டாவது முன்னால் பார்த்து ஓட்டுவது. 2011இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ட்விட்டரில் யூட்யூப் லிங்குகள் ஆளிடமிருந்து ஆளுக்குப் போவதைப் பின்தொடர்ந்து, சில வீடியோ ஒரு வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுகிறது, சில வீடியோ கண்டம் தாண்டுகிறது, இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் எந்தக் கேஷில் எதை எறிய வேண்டாம் என்று முடிவெடுக்கலாம் என்று காட்டினார்கள். உள்ளூருக்குள் சுற்றுகிறதை அந்த ஊர்க் கேஷில் பத்திரமாக வைத்துக்கொள், உலகம் முழுக்கக் கொண்டுபோய்க் கொட்டாதே. உண்மையான ட்விட்டர் தரவை ஒரு மாதிரி சி.டி.என்.னில் ஓட்டிப் பார்த்ததில், இடமும் உறவும் தெரியாத கேஷைவிடத் தேடியது கிடைத்த தடவைகள் கூடின.

'எங்கே' தெரிந்துவிட்டது. 'எப்போது' என்பதில் 2012இல் வந்த இன்னொரு ஆய்வு கை வைத்தது, இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. நெட் கம்பெனிகளுக்குள் பில் போடுகிற முறை ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போக்குவரத்தை அளந்து, மாதம் முழுக்க உள்ள அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியில் 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கிற அளவுக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். அதாவது நெரிசல் நேரத்துக்குத்தான் காசு. விடியற்காலை மூன்று மணிக்கு நெட் போகிற குழாய் காலியாகக் கிடக்கும்போது, அந்த அளவைத் தாண்டாதவரை எவ்வளவு அனுப்பினாலும் பில் ஏறாது, ஏற்கெனவே கட்டியாச்சு. ஆக, ஒரு போட்டோ நெரிசல் நேரத்தில் ஏறினாலும், பார்க்கப்போகிற ஆள் தூங்கிக்கொண்டிருக்கிற ஊருக்கு உடனே போகத் தேவையில்லை, அவர் எழுந்து போனை எடுப்பதற்குள் போனால் போதும். யார் பார்ப்பார் என்பதை நட்பு சொல்கிறது, எப்போது பார்ப்பார் என்பதை அந்த ஊர்க் கடிகாரம் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் குழாய் காலியாக இருக்கிற நேரத்தைத் தேடி அனுப்பிவிடு. நெட்ஃபிளிக்ஸும் ராத்திரி ஆள் ஓய்ந்த நேரத்தில்தான் தன் பெட்டிகளில் படங்களை நிரப்புகிறது. ஆனால் அதற்கு எந்தப் படம் ஓடும் என்று தெரிந்தால் போதும், சித்தப்பா யார் என்று தெரியத் தேவையில்லை.

சரி, இதுவரை சொன்னது சரக்கை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இன்னொன்று கிடைக்கும்: ஆட்களை ஒன்றுசேர்ப்பது. நடைமுறையில் பெரிய அளவில் பலன் கொடுத்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பத்து பஸ் நிற்கிறது, ஐந்நூறு பேர் ஏறணும், இருபது ஊருக்குப் போகணும். வந்தவர்களை வந்த வரிசையில் ஏற்றினால் ஒவ்வொரு பஸ்ஸிலும் எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள், பத்து பஸ்ஸும் இருபது ஊரிலும் நிற்கும். ஒரே ஊர்க்காரர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றினால் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு நிறுத்தம்தான். ஆள் அதே, பஸ் அதே, டீசல்தான் மிச்சம்.

ஃபேஸ்புக்கில் பஸ் என்பது சர்வர் கூட்டம், நிறுத்தம் என்பது டிஸ்க் வரைக்கும் போய் எடுத்துவருவது. ஒரு சர்வர் கூட்டத்துக்கென்று ஒரு கேஷ் இருக்கும். அக்கா ஒரு கூட்டத்துக்கும் மச்சான் இன்னொரு கூட்டத்துக்கும் போனால், அதே காதுகுத்துப் பதிவு, அதே லைக் பட்டியல், அதே கமெண்ட்டுகள் இரண்டு கேஷிலும் தனித்தனியாக ஏற்றப்படும். இரண்டு பேரையும் ஒரே இடத்துக்கு அனுப்பினால் அக்கா திறந்தபோது ஏறியது மச்சானுக்குச் சூடாகத் தயாராக இருக்கும். நண்பர்கள் ஒரே விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள், அதுவும் கொஞ்ச நேர இடைவெளியில். இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் முழு வித்தையும்.

வேடிக்கை என்னவென்றால் ஃபேஸ்புக் பிறந்ததே இப்படித்தான். 2004இல் ஹார்வர்டில் தொடங்கி ஒவ்வொரு கல்லூரியாகச் சேர்த்தபோது ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். ஒரு காலேஜ் பிள்ளைகள் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொள்வார்கள் என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம் வேறு கல்லூரி, வேறு ஊர், வேறு நாடு என்று நட்பு தாண்டியதும் அந்தச் சுவர் உடைந்தது. உடைந்த பிறகு ஆட்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கண்டபடி பிரித்துப்போடுவதுதான் எளிது, சுமையும் சமமாக விழும். ஆனால் நண்பர்கள் சிதறிவிடுவார்கள்.

திரும்பவும் சேர்த்தது எப்படி என்பதை 2016இல் வெளியிட்டார்கள். மொத்த நட்பு வலையையும் எடுத்து, எங்கே கோடுகள் குறைவாக வெட்டுப்படுமோ அங்கே வெட்டி, ஏறக்குறைய சம அளவுள்ள ஆயிரக்கணக்கான சின்னக் குழுக்களாகப் பிரிப்பது முதல் வேலை. இது நிதானமாக, அவ்வப்போது நடக்கும். எந்தக் குழு எந்தச் சர்வர் கூட்டத்துக்கு என்பது இரண்டாவது வேலை, இது நிலவரத்தைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும். பஸ் கணக்கில் சொன்னால், ஊரைப் பிரிக்காதே, ஒரு பஸ் பழுதானால் அல்லது கூட்டம் ஏறினால் முழு ஊரையும் தூக்கி வேறு பஸ்ஸில் போடு. ஏன் இரண்டு கட்டம்? ஒரே கட்டமாகச் செய்தால் ஒரு சர்வர் படுத்ததும் கோடிக்கணக்கான நட்பை மறுபடி கணக்குப் போட வேண்டும், அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? இப்படிச் செய்ததில் கேஷில் தேடிக் கிடைக்காமல் போகிற தடவைகள் 25 சதவீதம் வரை குறைந்தன. புது மெஷின் வாங்காமல், ஆட்களை உட்காரவைக்கிற இடத்தை மட்டும் மாற்றி.

அதே ஆய்வில் இன்னொரு பயன்பாடும் உண்டு. நீங்கள் ஆப்பைத் திறந்ததும் உங்கள் நண்பர்கள் பற்றிய தகவல் பல மெஷின்களிலிருந்து ஒரே சமயத்தில் கேட்கப்படுகிறது. நாற்பது மெஷினிடம் கேட்டால், முப்பத்தொன்பது உடனே பதில் சொல்லி ஒன்று மட்டும் இழுத்தாலும் நீங்கள் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கணும். குடும்பத்தோடு சினிமாவுக்குக் கிளம்புகிற மாதிரி, கடைசி ஆள் செருப்பு மாட்டுகிற வரைக்கும் யாரும் நகர முடியாது. ஒன்றாகக் கேட்கப்படுகிற தகவல்களை ஒன்றாகவே அடுக்கி வைத்தால் கேட்க வேண்டிய மெஷின்களே குறைந்துவிடும். அப்படி அடுக்கியதில் சராசரிப் பதில் நேரம் பாதியானது.

2019இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்த முறை சர்வர் கூட்டம் இல்லை, முழு டேட்டா சென்டர். உலகம் முழுக்க வாசலில் நிற்கிற சின்ன மையங்களுக்கு வருகிற கேள்விகளை எந்த டேட்டா சென்டருக்குத் திருப்புவது என்பதில், பக்கத்தில் எது இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்பதோடு, யாருக்கு யார் நண்பர் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நண்பர் குழுவை உடைக்காமல் ஒரே டேட்டா சென்டருக்கு அனுப்பியதில் சேமிப்பகங்களின் மேல் விழுகிற கேள்விகள் 17 சதவீதம் குறைந்தன. அந்தக் கம்பெனியின் அளவுக்கு 17 சதவீதம் என்பது எத்தனை கட்டடத்து மெஷின் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உறவை வைத்துச் சரக்கு அனுப்புவதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்து எழுந்தது ட்விட்டர். ஒருவர் எழுதியதும் அவருடைய பாலோயர் ஒவ்வொருவரின் பட்டியலிலும் அதை உடனே செருகிவிடுவது அவர்கள் முறை. தபால்காரர் வீட்டுக்கு வீடு போடுகிற மாதிரி. பாலோயர் ஆப்பைத் திறக்கும்போது பட்டியல் தயாராக இருக்கும், எதையும் தேட வேண்டாம். இருநூறு பாலோயர் உள்ளவருக்கு இது சொர்க்கம். மூன்று கோடிப் பாலோயர் உள்ள பாடகி ஒரு வரி எழுதினால் மூன்று கோடி இடத்தில் செருகணும். அதற்கு நிமிடக்கணக்கில் ஆகும், அதற்குள் சீக்கிரம் கிடைத்தவர்கள் பதில் எழுதிவிடுவார்கள், சிலருக்குக் கேள்விக்கு முன்னால் பதில் வந்து நிற்கும். அதனால் பிரபலங்களுக்கு மட்டும் வழியை மாற்றினார்கள்: அவர்கள் எழுதியதை யாருக்கும் போடாமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, நீங்கள் திறக்கும்போது அங்கிருந்து எடுத்து உங்கள் பட்டியலோடு கலந்து காட்டுவது. வீட்டு விசேஷப் பத்திரிகையை நேரில் போய் வைக்கலாம், மாநாட்டு அழைப்பைச் சுவரில்தான் ஒட்டணும். அப்படியும் 2014 மார்ச்சில் ஆஸ்கர் விழாவில் அதன் தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் நட்சத்திரக் கூட்டத்தோடு எடுத்துப் போட்ட செல்ஃபி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பத்து லட்சம் தடவைக்கு மேல் மறுபகிர்வு ஆகி ட்விட்டரைக் கொஞ்ச நேரம் தள்ளாட வைத்தது.

இந்த வித்தையின் கடைசிக் கிளை உங்கள் கையில் இருக்கிற போனுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டோரி வட்டங்கள் மேலே வரிசையாக நிற்கின்றனவே, யாருடையதை அடிக்கடி பார்க்கிறீர்களோ அவர்களுடையது முன்னால் வரும். தொட்டதும் சுத்தாமல் ஓடுகிறது என்றால் தொடுவதற்கு முன்பே அது இறங்கிவிட்டது என்று அர்த்தம். சௌகரியம்தான், ஆனால் கணிப்பு தப்பினால் நஷ்டம் உங்கள் டேட்டா. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் நான் இருந்தபோது ஒரு ஆப் நான் தொடவே தொடாத வீடியோக்களையெல்லாம் எனக்காக ஆசையாக இறக்கி வைத்து, மதியத்துக்குள் பேக்கைக் காலி செய்து, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று டிக்கெட் மெசேஜைத் திறக்க முடியாமல் என்னை முழிக்க வைத்தது. செட்டிங்ஸில் டேட்டா சேமிப்பு என்று ஒரு பொத்தான் இருந்தால் போட்டு வையுங்கள், அது அணைப்பது பெரும்பாலும் இந்த முன்கூட்டி இறக்கும் பழக்கத்தைத்தான்.

இவ்வளவு நல்ல யோசனை என்றால் எல்லா சி.டி.என்.னும் ஏன் செய்வதில்லை? குழாய் வைத்திருப்பவரிடம் உறவுப் பட்டியல் இல்லை, அதுதான் காரணம். வாடகைக்குக் கேஷ் விடுகிற கம்பெனிக்கு என் போட்டோ ஒரு நீளமான பெயருள்ள ஃபைல், அவ்வளவே. அதை எடுத்தது யார், அவருக்குச் சிங்கப்பூரில் சித்தப்பா உண்டா என்பதெல்லாம் தெரியாது, தெரியவும் கூடாது. உறவுப் பட்டியலும் குழாயும் ஒரே கையில் சேர்ந்தால்தான் இது முழுசாக நடக்கும், ஃபேஸ்புக்கில் நடந்ததும் அதனால்தான். கேம்பிரிட்ஜ்காரர்கள் வெளியில் நின்றே ஆராய முடிந்ததற்குக் காரணம், அப்போது ட்விட்டர் தன் தரவை வெளி ஆட்களுக்கு இலவசமாகத் திறந்து வைத்திருந்தது. 2023இல் அந்தக் கதவைச் சாத்தி, உள்ளே வரக் காசு என்று சொல்லிவிட்டது. ஒரு பக்கம் இதில் எனக்கு வருத்தம். இன்னொரு பக்கம், நான் யாரோடு நெருக்கம் என்பதை ஊரில் உள்ள ஒவ்வொரு நெட் கம்பெனியும் தெரிந்துகொண்டால்தான் எனக்குப் படம் கால் நொடி சீக்கிரம் வரும் என்றால், அந்தக் கால் நொடி எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உறவு கைகொடுக்காத இடங்களும் உண்டு. 2013 ஆகஸ்டில் ஜப்பானில் டிவியில் ஒரு பழைய அனிமேஷன் படம் ஓடியது. அதில் கதாபாத்திரங்கள் ஒரு மந்திரச் சொல்லைச் சொல்லும் அதே நொடியில் பார்ப்பவர்கள் எல்லாரும் அதை எழுதுவது அங்கே வழக்கம், அன்றைக்கு ஒரே நொடியில் 1,43,199 ட்வீட் விழுந்தது. அது நண்பரிடமிருந்து நண்பருக்குப் பரவியது இல்லை, எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துச் செய்தது. நட்பு வலையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது, டிவி நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் தெரியும்.

அதைவிடப் பெரிய மாற்றம் மெதுவாக நடக்கிறது. இப்போது நாம் பார்ப்பது நண்பர்கள் போட்டதையா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான மெட்டாவின் மேல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் போட்ட வழக்கில் 2025 ஏப்ரலில் மெட்டாவே காட்டிய கணக்கின்படி, ஃபேஸ்புக்கில் செலவாகும் நேரத்தில் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பது 17 சதவீதம், இன்ஸ்டாகிராமில் 7 சதவீதம். இரண்டு வருடம் முன் அது 22, 11 என்று இருந்தது. மீதி நேரம் முன்பின் தெரியாதவர்களின் வீடியோ. அங்கே உங்களுக்கும் வீடியோ போட்டவருக்கும் ஒரு உறவும் கிடையாது. ஆனால் உங்களுக்கும், அதே வீடியோவை நேற்று கடைசி வரை பார்த்த இன்னொரு ஆளுக்கும் ஒரு உறவு இருக்கிறது, இரண்டு பேருக்கும் அது தெரியாது, அவ்வளவுதான். 'யார் யாருக்கு நண்பர்' என்ற கோடுகளுக்குப் பதில் 'யார் யாரோடு ஒரே விஷயத்தைப் பார்க்கிறார்' என்ற கோடுகளை வரைந்து அதே வெட்டும் கணக்கைப் போடலாம், பஸ் பிரிக்கிற வேலை மாறுவதில்லை.

காதுகுத்துப் போட்டோவுக்கு வருகிறேன். முதல் இரண்டு நாளில் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்து முடித்தார்கள், அப்புறம் அதை யாரும் தேடவில்லை. போட்டோக்கள் பழசாக ஆகக் கேட்கிறவர்கள் குறைவார்கள் என்பதால், அப்படிப்பட்டவற்றைக் குறைந்த பிரதிகளோடு குறைந்த செலவில் வைக்க ஃபேஸ்புக்கில் தனிச் சேமிப்பகமே உண்டு. போன ஆவணியில் 'இதே நாளில்' என்று அது அக்காவுக்கு மேலே வந்து நின்றது, அக்கா மறுபடி பகிர்ந்தார். அப்போது ராத்திரி ஒன்பதரை. நான் திறந்து பார்த்தபோது சிங்கப்பூர் சித்தப்பாவின் கமெண்ட் ஏற்கெனவே விழுந்திருந்தது: 'முடி வளர்ந்துருச்சா?'